லாக்கை மாற்றுகிறீர்கள், சரி. விலையை யார் கொடுப்பது?

லினக்ஸ் கர்னலில் லாக் சம்பந்தப்பட்ட பேட்ச்களை எழுதுபவர்களுக்கும், அவற்றைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பெரும்பாலானோருக்கு இந்த மடலைப் படிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த சிலர் உங்களுக்குள் இருக்கிறார்கள், நாளைக்கு வந்து சேரப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழியாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் கர்னல், அதாவது இயங்குதளத்தின் உட்கரு, எழுதுகிறவன் இல்லை. நீங்கள் எழுதியதைச் சர்வர்களில் ஏற்றிவிட்டு, இரவு இரண்டு மணிக்கு போன் அடித்தால் எழுந்து உட்கார்ந்து பார்க்கிறவன்.

லாக் என்பது, ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் தொட்டுக் கெடுக்காமல் காக்கும் பூட்டு. அதை மாற்றும் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், எதுவானாலும் கூடவே ஓர் எண் வருகிறது. இத்தனை சதவீதம் வேகம் கூடியது, அல்லது இத்தனை சதவீதம் குறைந்தது. எண்ணில் பொய் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் லாக்கில் செலவு அநேகமாக ஒழிவதில்லை, ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குப் போகிறது. படிப்பவரிடமிருந்து எழுதுபவருக்கு, பெரிய மெஷினிலிருந்து சின்ன மெஷினுக்கு, மொத்த வேலையளவிலிருந்து ஒரு தனி த்ரெட்டின் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழையின்) காத்திருப்புக்கு. யார் தலைக்குப் போனது என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது.

2008 மே மாதத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2.6.26 கர்னலின் முதல் சோதனைப் பதிப்பு வெளிவந்தது. இன்டெல் பொறியாளர் ஒருவர் ஏஐஎம்7 என்ற பழைய பெஞ்ச்மார்க்கை (வேகச் சோதனையை) ஓட்டிப் பார்த்துவிட்டு, முந்தைய பதிப்பைவிட 40 சதவீதம் போல வேகம் விழுந்திருப்பதாகச் சொன்னார். தேடிப் போனால் குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியவில்லை. கர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ் செய்தது நல்ல காரியம்: ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் தனித்தனியாக அசெம்பிளியில் கிடந்த செமாஃபோர் (காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் ஒரு வகை லாக்) நிரலை எல்லாம் தூக்கிவிட்டு, சி மொழியில் ஒரே பொதுவான வடிவத்தைக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கான வரிகள் ஒழிந்தன. புதிய செமாஃபோர் பழையதைவிட நியாயமானதும்கூட. வரிசையில் முதலில் நிற்பவருக்கே லாக், நடுவில் யாரும் புகுந்து தட்டிப் பறிக்க முடியாது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! வரிசையில் முதலில் நிற்கும் த்ரெட் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சிக்கல். லாக் அதன் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் அது எழுந்து, ஒரு கோர் (பிராசசரின் ஒரு செயல்மையம்) கிடைத்து, ஓடத் தொடங்கும் வரை லாக்கை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. அந்த இடைவெளியில் வேறொரு கோரில் சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் அதே லாக்கைக் கேட்டால் அதுவும் வரிசையில் போய்த் தூங்க வேண்டும். பழைய செமாஃபோரில் இப்படி ஓடிக்கொண்டிருப்பவர் சட்டென்று எடுத்து, வேலையை முடித்து, திருப்பி வைத்துவிட்டுப் போய்விடலாம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதுபோல. அநியாயம்தான், ஆனால் வண்டி சீக்கிரம் நிரம்பிக் கிளம்பிவிடும்.

அப்போது பெரிய கர்னல் லாக்கும் இந்தச் செமாஃபோரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. 1996இல் 2.0 கர்னலோடு வந்த லாக் அது. ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர் உள்ள மெஷினிலும் லினக்ஸ் ஓட வேண்டும் என்பதற்காக, கர்னல் முழுவதற்கும் சேர்த்துப் போட்ட ஒரே பூட்டு. 2008இல் அதன் ஆட்சி ரொம்பவே சுருங்கியிருந்தாலும், கோப்புப் பூட்டு, டிடிஒய் (டெர்மினல்) மாதிரிச் சில மூலைகளில் இன்னும் உயிரோடு இருந்தது. ஏஐஎம்7 அந்த மூலைகளைப் போட்டுக் குத்தியது. சரி, என்ன தீர்வு? லினஸ் டோர்வால்ட்ஸ் பெரிய கர்னல் லாக்கை மறுபடி ஸ்பின்லாக்காகவே, அதாவது தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்காகவே, மாற்றிவிட்டார். எண் பழைய இடத்துக்குத் திரும்பியது. பெஞ்ச்மார்க்காரர்களுக்குச் சந்தோஷம்.

விலையைக் கொடுத்தது யார்? தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். ஒலிப்பதிவுக்காரர்கள், ரியல்டைம் ஆட்கள் (சொன்ன நேரத்துக்குள் பதில் வந்தே ஆக வேண்டியவர்கள்). அந்த லாக்கை வைத்திருக்கும் நேரம் முழுக்க அந்த கோரில் வேறு எந்த த்ரெட்டும் நுழைய முடியாத பழைய நிலை அவர்களுக்குத் திரும்ப வந்துவிட்டது. அதுவரை அவர்கள் வாங்கி வைத்திருந்த சலுகை ஒரே கமிட்டில் (பதிவான ஒரு மாற்றத்தில்) போனது. கர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் பொறுக்க முடியாமல், அந்த லாக்கையே ஒழித்துக்கட்டுவதற்கென்று தனியாக ஒரு கிளை திறந்தார். நினைத்தபடி உடனே நடந்துவிடவில்லை. கடைசித் துண்டு போனது 2011 மே மாதம் வெளிவந்த 2.6.39இல்தான். ஒரு லாக், பதினைந்து வருடம்.

இந்தக் கதையைப் பொதுவாக ‘ஒரு பின்னடைவு வந்தது, சரிசெய்தோம்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. நியாயத்துக்கு ஒரு விலை இருந்தது, யாரும் அதை முன்கூட்டி எழுதிவைக்கவில்லை. பின்வாங்கியதற்கும் ஒரு விலை இருந்தது, அதை 40 என்ற எண் மறைத்துவிட்டது. அப்புறம் வந்த வருடங்களில் நீங்கள் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். லாக்கை வைத்திருப்பவர் ஓடிக்கொண்டிருந்தால் தூங்கப் போகாமல் கொஞ்சம் சுற்றிக் காத்திருக்கும் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் லாக்) 2009இல் வந்தது. 2017இன் தொடக்கத்தில் வந்த 4.10இல், தட்டிப் பறிப்பதை அனுமதித்து, ஆனால் வரிசையின் முதல் ஆள் எழுந்தும் ஏமாந்து போனால் அடுத்த முறை அவர் கையிலேயே கொடுத்துவிடும் ஏற்பாடும் வந்தது. துண்டு போடலாம், ஆனால் ஒரே ஆளை இரண்டு பஸ்ஸுக்கு நிற்கவைக்கக் கூடாது. இது எனக்குப் பிடித்த சமரசம்.

நியாயத்தின் விலையை நான் நேரடியாகக் கொடுத்த கதையும் ஒன்று இருக்கிறது.

அதே 2008இல் 2.6.25 கர்னலோடு டிக்கெட் ஸ்பின்லாக் வந்தது. நிக் பிக்கின் கொண்டுவந்தது. காரணம் வலுவானது: இரண்டு சாக்கெட் (இரண்டு பிராசசர்), எட்டு கோர் ஆப்டெரான் மெஷினில் பழைய ஸ்பின்லாக் சில த்ரெட்களைப் பட்டினி போட்டது. ஒரே சோதனையில் த்ரெட்டுக்கு த்ரெட் ஓடும் நேரம் இரண்டு மடங்கு வரை வித்தியாசப்பட்டது. சிலருக்கு அநியாயமாக லட்சக்கணக்கான தடவை, பத்து லட்சம் வரைகூட, தொடர்ந்து லாக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதனால் பேங்கில் போல டோக்கன் முறை. வரும்போது ஒரு நம்பர் கிழித்துக்கொள், உன் நம்பர் வரும்போது உள்ளே போ.

சில வருடம் கழித்து நான் வேலை பார்த்த இடத்தில் மெய்நிகர் மெஷின்களை நெருக்கியடித்து அடுக்கியிருந்தோம். இருக்கும் கோர்களைவிட விற்ற கோர்கள் அதிகம், எல்லோரும் செய்வதுதான். பகலில் சராசரி எண்கள் எல்லாம் அழகாக இருக்கும். சாயங்காலம் சுமை ஏறியதும் சில கோரிக்கைகள் மட்டும் அப்படியே உறைந்து நின்றுவிட்டு வரும். டேட்டாபேஸைச் சந்தேகித்தோம், நெட்வொர்க்கைச் சந்தேகித்தோம், ஒருவரையொருவர்கூடச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால் டோக்கன். உங்கள் கர்னல் 57ஆம் நம்பரைக் கூப்பிடுகிறது. 57ஐ வைத்திருக்கும் மெய்நிகர் கோரை அடியிலிருந்து மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் டீ குடிக்க அனுப்பிவிட்டது. 58, 59, 60 எல்லாம் கவுன்டர் காலியாக இருந்தும் நம்பர் வரவில்லை என்று அதே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பிராசசரைத் தின்கின்றன. பழைய அநியாய ஸ்பின்லாக்காக இருந்திருந்தால் 58 போய் வேலையை முடித்துக்கொண்டு வந்திருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு நீங்களே 2013இல் மருந்து கொடுத்தீர்கள். கொஞ்ச நேரம் சுற்றியும் நம்பர் வராவிட்டால் ஹைப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத் தூங்கலாம் என்ற வழி லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம்முக்கும் வந்தது. அது வரும்வரை ஆப்டெரானில் கிடைத்த நியாயத்துக்குக் கட்டணம் கட்டியது எங்களைப் போன்றவர்கள். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. வாங்கும்போது விலைச்சீட்டு ஒட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

விலைச்சீட்டை ஒழுங்காக ஒட்டிய வேலைகளும் உங்களிடம் உண்டு. டிக்கெட் லாக்குக்குப் பதிலாக 2015இல் 4.2 கர்னலில் வந்த வரிசை ஸ்பின்லாக்கை நான் அந்த வகையில் முதலில் வைப்பேன். அதன் தேவையை எம்ஐடி ஆய்வாளர்கள் அழுத்தமாகவே காட்டியிருந்தார்கள். 2010இல் அவர்கள் 48 கோர் மெஷினில் ஏழு நிரல்களை ஓட்டிப் பார்த்தார்கள். நிரல் தொகுக்க உதவும் ஜிமேக் தவிர எல்லாமே கர்னலுக்குள் எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றன. மொத்தம் 3,002 வரி மாற்றத்தில் பெரும்பாலான முட்டுக்கட்டைகளை நீக்கினார்கள். பின்னர் அவர்களே டிக்கெட் லாக்கைத் தனியாகப் பிரித்துப் பார்த்து, சில கட்டளைகளே நீளமுள்ள சின்ன வேலையைக் காக்கும் லாக்கூட, இன்னும் சில கோர்களைச் சேர்த்ததும் திடீரென்று மொத்த வேகத்தையும் கீழே தள்ளிவிடும் என்று காட்டினார்கள். காத்திருப்பவர் அத்தனை பேரும் ஒரே கேஷ் லைனையே (கோருக்கு அருகிலுள்ள வேக நினைவகத்தின் ஒரு துண்டை) முறைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். லாக் கைமாறும் ஒவ்வொரு தடவையும் அந்த 64 பைட் எல்லா கோருக்கும் ஓட வேண்டும். சொந்த கேஷில் இருப்பதைப் படிக்க நாலைந்து சைக்கிள் போதும். இன்னொரு சாக்கெட்டிலிருந்து இழுத்து வர நூற்றுக்கணக்கில் ஆகும்.

இதற்கான வைத்தியம் 1991இலிருந்தே தெரியும். ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கேஷ் லைனில் காத்திருக்க, முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரின் தோளைத் தட்டுவார். மெல்லர்-கிரம்மி, ஸ்காட் இருவரும் கண்டுபிடித்த முறை. பெரிய மெஷினுக்கு அருமை. ஆனால் அப்படியே போட்டிருந்தால் லாக்கின் அளவு பெருத்திருக்கும். ஸ்பின்லாக் என்பது கர்னலில் நினைவகப் பக்கத்துக்குப் பக்கம், இனோடுக்கு இனோடு (கோப்பு பற்றிய குறிப்பு) உள்ளே பொதிந்து கிடக்கிற பொருள், நாலு பைட்டுக்கு மேல் போனால் எல்லோர் நினைவகமும் வீங்கும். வெய்மன் லாங், பீட்டர் சைல்ஸ்ட்ரா முதலியவர்கள் அதை நாலு பைட்டுக்குள் அடக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. இரண்டே கோர் மோதும்போது வரிசைக் கணுவை, அதாவது காத்திருப்பவரின் தனி இடத்தை, தொடப் போனால் கூடுதலாக ஒரு கேஷ் லைன் இழுக்க வேண்டும், சின்ன மெஷினில் அது நஷ்டம். அதற்காகவே ‘அடுத்தது நான்’ என்று சொல்ல ஒரு தனி பிட்டை வைத்தார்கள். முதல் காத்திருப்பாளர் அந்த பிட்டோடு நின்றுகொள்வார், மூன்றாவது ஆள் வந்தால்தான் வரிசையே உருவாகும். பெரிய சர்வருக்காகச் செய்த வேலையில் இரண்டு கோர்காரனையும் நினைத்துப் பார்த்த அந்த ஒரு பிட்டுக்கு நான் ரசிகன்.

படிப்பவர் லாக் போடாமல் படிக்க, மாற்றுபவர் புதிய பிரதியை எழுதிவைக்கும் முறையான ஆர்சியூ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவு இடம் மாறுவதை மறைக்காமல் தன் வடிவத்திலேயே காட்டும் ஏற்பாடு அது. 2002இல் 2.5.43க்குள் வந்தபோதே கணக்கு வெளிப்படை: படிப்பவருக்கு ஏறக்குறைய இலவசம், மாற்றுபவர் பழைய பிரதியை எல்லோரும் விட்டுவிலகும்வரை மில்லிசெகண்டுகள் காத்திருக்க வேண்டும், அல்லது வேலையைப் பின்னால் தள்ளிவிட்டு அதுவரை நினைவகத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அவசரப்படுத்தும் வழி உண்டு, ஆனால் அப்போது மற்ற கோர்களை எல்லாம் தட்டி எழுப்ப வேண்டும். 2023இல் 6.2 கர்னலில் வந்த சோம்பேறி ஆர்சியூவில் பணம் கட்டும் இடம் இன்னும் தள்ளிப் போனது. போன், மடிக்கணினி பேட்டரி மிச்சமாகட்டும் என்று விடுவிப்பு வேலையைப் பத்து செகண்ட் வரைகூடத் தள்ளிப்போடலாம், பதிலுக்கு நினைவகம் அவ்வளவு நேரம் சிக்கிக்கிடக்கும். வேண்டுபவர் மட்டும் கன்ஃபிக்கில் போட்டுக்கொள்ளலாம். இருபது வருடம் வெளியே காத்திருந்து 2024 நவம்பரில் 6.12 வழியாக முழுமையாக உள்ளே வந்த ரியல்டைம் கர்னலும் இதே ரகம். மொத்த வேகம் கொஞ்சம் குறையும், காத்திருப்புக்கு ஒரு வரம்பு கிடைக்கும், தேர்வு உங்களுடையது என்று சொல்லிவிட்டே தருகிறது.

இப்போது நான் இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நிரலின் முகவரிப் பரப்பு (அது பயன்படுத்தும் நினைவகத்தின் வரைபடம்) முழுவதையும் காக்கும் எம்மேப் லாக் பற்றி வருடக்கணக்கில் எல்லோரும் புலம்பியிருக்கிறோம். நூறு த்ரெட் இருந்தால் ஒவ்வொரு பக்கப் பிழைக்கும் (கேட்ட நினைவகப் பக்கம் இன்னும் தயாராக இல்லாமல் கர்னலைக் கூப்பிடும் தருணம்) அத்தனையும் அந்த ஒரே லாக்கைப் படிப்பதற்காகவாவது தொட வேண்டும். படிப்பவர்கள் ஒருவரையொருவர் தடுப்பதில்லைதான், ஆனால் ‘எத்தனை பேர் படிக்கிறோம்’ என்ற எண்ணிக்கையை ஏற்றி இறக்கும்போதே கேஷ் லைன் கோருக்கு கோர் பந்தாடப்படும். 2023 ஜூனில் வந்த 6.4இல் சுரேன் பாக்தாசார்யன் முகவரிப் பரப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் தனி லாக் கொண்டுவந்தார். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி திறக்கும்போது ஏகப்பட்ட த்ரெட்கள் ஒரே நேரத்தில் பக்கங்களைக் கேட்கும் அவதிதான் பெரிய தூண்டுதல். வந்த வேகத்தில் வம்பும் வந்தது. பல த்ரெட் ஓடும் நிரல்களில் நினைவகம் கெடுவதாகப் புகார்கள் எழுந்தன. ஃபோர்க் (ஒரு நிரல் தன்னையே பிரதியெடுத்துக்கொள்வது) நடக்கும்போது தாய் நிரலின் துண்டுகளைப் பூட்டாமல் விட்டதுதான் ஓட்டை. கொஞ்ச நாள் அந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டியிருந்தது.

ஓட்டையை அடைத்த பேட்ச்சின் செய்திதான் எனக்குப் பிடித்தது. இந்தத் திருத்தத்தால் ஃபோர்க் அதிகம் செய்யும் வேலைகள் மெதுவாகக்கூடும் என்று அது நேராகவே சொல்கிறது. 56 கோர் மெஷினில் கர்னலைத் தொகுத்துப் பார்த்ததில் கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை; 10,000 துண்டுகளை வைத்துக்கொண்டு 5,000 தடவை விடாமல் ஃபோர்க் செய்யும் கடுஞ்சோதனையில் சுமார் 5 சதவீத இறக்கம்; தாங்க முடியாதவர்கள் இந்த வசதியை அணைத்தால் பழைய வேகம் திரும்பும். யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு, எந்த மெஷினில் பார்த்தோம், தப்பிக்க வழி என்ன, எல்லாம் நாலு வரியில். பிழையைத் திருத்தும் பேட்ச் அது. செலவு இருந்தாலும் உள்ளே போயே ஆக வேண்டும். அப்படிப்பட்டதற்குக்கூட விலை எழுத நேரம் இருந்திருக்கிறது.

அதே வேலையில் இன்னொரு சம்பவம். அந்தத் தனி லாக்கை முதலில் துண்டின் கட்டமைப்புக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். பக்கப் பிழை பெஞ்ச்மார்க்கில் வேகம் விழுந்தது. லாக்கின் எண்ணிக்கை மாற மாற, பக்கத்திலிருந்த தகவல்களும் கேஷ் லைனோடு சேர்ந்து இழுபட்டன. அதனால் லாக்கை வெளியே தனியாக ஒதுக்கினார்கள். துண்டுக்குத் துண்டு கூடுதல் நினைவகம், கூடுதலாக ஒரு சுட்டி. பிறகு சாவகாசமாக ஆராய்ந்தபோது, அந்த இறக்கம் பழைய பிராட்வெல் தலைமுறை பிராசசரில் மட்டும்தான், அதுவும் பக்கத்துக் கேஷ் லைனைத் தானாக முன்கூட்டி இழுக்கும் வசதியை அணைத்தால் தணிந்துவிடுகிறது என்று தெரிந்தது. 2025இல் 6.15இல் லாக் மறுபடி கட்டமைப்புக்குள் குடிபுகுந்தது. நடுவில் இரண்டு வருடம், எல்லா மெஷினும், என் மேஜையில் இருக்கும் சின்னப் பெட்டி உட்பட, ஒரு பழைய பிராசசரின் பழக்கத்துக்காக நினைவகம் கட்டியது. சோதித்தது எந்தச் சிப்பில் என்று பதிவில் இருந்ததால்தான் பிற்பாடு யாராவது அதைத் திரும்பிப் போய்ப் பார்க்கவே முடிந்தது.

உங்கள் தானியங்கி ரோபோ அனுப்பும் பின்னடைவு அறிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது செய்யும் சேவைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் எல்லா கோரும் ஒரே ஒரு சிஸ்டம் கால் (கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) மட்டும் விடாமல் அடிக்கும் சோதனையில் வரும் சதவீதம், லாக்கைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. அப்படி யாரும் சர்வர் ஓட்டுவதில்லை. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல திருத்தம் ஒன்று நின்றுபோனாலும் தப்பு; அதே சோதனையில் எண் ஏறியதைக் காட்டி, மோதலே இல்லாத வழியில் கூடுதலாக ஓர் அணுக் கட்டளை (இடையில் யாரும் புக முடியாத கட்டளை), சுமார் 20 சைக்கிள், சத்தமில்லாமல் சேர்ந்துவிட்டாலும் தப்பு. இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மோதல் அபூர்வம், மோதாத பாதையில்தான் உலகத்தின் பெரும்பாலான லாக்குகள் வாழ்கின்றன.

நான் புதிய விதி எதுவும் கேட்கவில்லை. பேட்ச் அனுப்புவது எப்படி என்ற உங்கள் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது: வேகம் கூடியதாகச் சொன்னால் எண்களைக் கொடு, கண்ணுக்குத் தெரியாத செலவுகளையும் எழுது என்று. முதல் பாதியைக் கறாராகக் கேட்கிறீர்கள், இரண்டாம் பாதி வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். லாக்கைத் தொடும் பேட்ச்சுக்கு மட்டுமாவது அதையும் கறாராகக் கேளுங்கள். மோதல் இல்லாதபோது எவ்வளவு, அதிகபட்சம் காத்திருந்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், இரண்டு கோர் மெஷினிலும் மெய்நிகர் மெஷினிலும் ஓட்டினீர்களா, எந்தத் தலைமுறைச் சிப். ஓட்டிப் பார்க்க மெஷின் இல்லையென்றால் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல் இருந்தாலே, கர்னலை மாற்றிய அன்று இரவு எங்கே முதலில் தேட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கர்னலை ஏற்றும் வேலை எனக்கு வரும் மாதம் இருக்கிறது. கமிட் செய்திகளை நான் படித்துவிட்டுத்தான் ஏற்றுவேன்.

இப்படிக்கு,
உங்கள் கர்னலால் பிழைக்கும் ஒரு சர்வர்காரன்